ஆவணம் நாற்பத்தொன்று: நான்கில் இரண்டைத் தேர்வு செய்யும் முறை

போன வாரம் ஷீலா போன் செய்தார். நான் ஓய்வு பெறும்போது அவர் புதிதாகச் சேர்ந்திருந்த டிப்ளமா பெண். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த அதே கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுத் துறைக்கு மேனேஜர். குரலில் கவலை தெரிந்தது.

"சார், பழைய ஃபைல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திகிட்டிருக்கோம். ஆவணம் நாப்பத்தொண்ணுன்னு ஒரு வேலைமுறைத் தாள் இருக்கு. 'நான்கில் இரண்டைத் தேர்வு செய்யும் முறை'ன்னு தலைப்பு. எந்த மெஷினுக்குன்னே யாருக்கும் தெரியல. தயாரித்தவர்ங்கிற இடத்துல உங்க கையெழுத்து. அடுத்த வாரம் ஆடிட். ரத்து பண்ணணும்னா நீங்கதான் காரணம் எழுதித் தரணும்."

அது எந்த மெஷினுக்கும் உரியதல்ல. அது சீட்டாட்டம். ஒமாஹா ஹை-லோ என்ற வெளிநாட்டுச் சீட்டாட்டத்தின் விதிமுறை, முறைப்படி எண் போட்டு, கையெழுத்திட்டு, 'தர அறையில் மட்டும் பயன்படுத்தவும்' என்று முத்திரை குத்தி, இத்தனை வருடம் ஆடிட்டர்கள் கண்ணெதிரே பத்திரமாக இருந்திருக்கிறது. போனில் இதை விளக்க முடியாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் ஒரு வரிதான் இடம் இருக்குமாம். எனக்கு ஒரு வரியில் அடங்கவில்லை.

என் பெயர் ராமலிங்கம். கம்பெனியில் 'ரிஜெக்ட்' ராமலிங்கம் என்றால்தான் தெரியும். பாடியில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் எடுபிடி, அப்புறம் அம்பத்தூரில் முப்பத்துமூன்று வருடம் இன்ஸ்பெக்டர். வண்டிகளுக்கான பின், புஷ் போன்ற உதிரி பாகங்கள் எங்கள் தயாரிப்பு. கேஜ் என்ற அளவுக் கருவியை எடுத்து ஓட்டையில் விட வேண்டும். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும், போகக் கூடாதது போனாலும் சிவப்பு பெயின்ட் அடித்து ஓரமாகப் போட வேண்டியதுதான். வேலை அவ்வளவே. ஆனால் அதைச் செய்கிறவனை யாருக்கும் பிடிக்காது. ராத்திரியெல்லாம் நின்று மெஷின் ஓட்டியவன் எதிரில் அவன் சரக்கை ஓரமாகத் தள்ளினால் அவன் கும்பிடவா செய்வான்?

இந்தக் குணம் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. கத்தரிக்காய் வாங்கப் போனால் கூடையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் மகள் கவிதாவுக்கு வந்த வரன்களில் பதினோரு பேரை வேண்டாம் என்றேன். ஒருவன் உட்கார்ந்த விதம் சரியில்லை. ஒருவன் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்றான். என் மனைவி சரோஜா ஒரு கட்டத்தில் என்னோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள்.

பன்னிரண்டாவதாக வந்தவன் முரளி. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவன் அம்மா, "பையன் அஞ்சடி ஒம்போது அங்குலம்" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அஞ்சடி ஏழும்மா. ஷூவோட எட்டு" என்றான். நான் அந்த நிமிடமே மனசுக்குள் பாஸ் முத்திரை குத்திவிட்டேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அது இருக்கட்டும், சீட்டுக்கு வருகிறேன்.

சீட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் மேனேஜர் வேதநாயகம். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி, கேஜ் துடைக்கும் மான்தோலால் இரண்டு பக்கமும் துடைத்து, மாட்டிக்கொண்டு, "எவிடென்ஸ்?" என்று கேட்பார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூடக் கேட்பார். ஒருமுறை கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை என்று புகார் வந்தபோது மூன்று வாளிகளிலிருந்து தனித்தனியாக ருசி பார்த்து, இரண்டாவது வாளியில் மட்டும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவரை மூன்று மாதப் பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மாலை நேரங்களில் விடுதியில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். பயிற்சியில் வேறென்ன கற்றார் என்பதற்கு எவிடென்ஸ் இல்லை.

எங்கள் தர அறைதான் கம்பெனியிலேயே ஏசி உள்ள ஒரே தொழிலாளர் அறை. கேஜ்கள் விரிந்து சுருங்கக் கூடாது என்பதால் எப்போதும் இருபது டிகிரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் மீதமிருக்கும் இருபத்தைந்து நிமிடம் அங்கே நாலு பேர் உட்காருவோம். வேதநாயகம், நான், ஸ்டோர்ஸ் ஜெயந்தி மேடம், பிரஸ் ஷாப் இன்ஸ்பெக்டர் டில்லிபாபு. டில்லி கரையான்சாவடிக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் மூத்தது.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு நாலு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று எடுத்து ஐந்து சேர்க்க வேண்டும். கையிலிருந்து கட்டாயம் இரண்டு, ஒன்றும் கூடாது, மூன்றும் கூடாது. பந்தயத்தில் பாதி பெரிய கைக்கு. மறுபாதி எட்டுக்கு மேற்படாத, ஜோடியில்லாத மிகச் சின்னக் கைக்கு. நடுவில் அப்படிச் சின்னச் சீட்டு மூன்று விழாவிட்டால் சின்னக் கை என்பதே கிடையாது, முழுவதும் பெரிய கைக்கே போய்விடும்.

நாங்களோ ரம்மியில் ஊறியவர்கள். முதல் மாதம் முழுக்க, கையிலிருந்து மூன்றை எடுப்பதும் ஒன்றை எடுப்பதுமாக ஒரே சண்டை. அதோடு ரம்மியில் வரிசை என்றால் ஒரே ஜாதிச் சீட்டாக இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ஆர்ட்டினும் கிளாவரும் கலந்து கிடந்தாலும் வரிசை வரிசைதான், மூன்று ராஜாக்களையும் அது தின்றுவிடும்; ஐந்தும் ஒரே ஜாதியானால் அந்த வரிசையையும் தின்றுவிடும். இது எங்கள் மண்டைக்குள் ஏறினாலும் கண்ணுக்குள் ஏறவில்லை. ஜாதி கலந்த வரிசை எதிரிலேயே கிடக்கும், ஒருவரும் பார்க்க மாட்டோம். சண்டை தாங்காமல்தான் வேதநாயகம் என்னை விதிகளை எழுதச் சொல்லி, நாற்பத்தொன்று என்று எண் கொடுத்து, ஃபைலில் ஏற்றினார். அதில் ஒன்பதாவது விதியை மட்டும் அவரே சொன்னார். 'வாய் சொல்வது கணக்கில்லை. மேசையில் விரித்த சீட்டே கணக்கு. தவறாகப் படிக்கப்பட்டதைக் கண்டவர் சொல்ல வேண்டும்.'

காசு வைத்து ஒருநாளும் ஆடவில்லை. ரிஜெக்ட் ஆன வாஷர்கள்தான் எங்கள் நாணயம், ஆளுக்கு முப்பது. ஆனால் அந்த வாஷருக்கு ஒரு மதிப்பு இருந்தது. சரக்கைச் சூடேற்றிக் கடினமாக்கும் எங்கள் ஃபர்னஸை அணைக்க முடியாது, பண்டிகை நாளிலும் ஓடும். இரண்டு மணிக்கு ஒருமுறை சரக்கை எடுத்துக் கடினம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வேலை நாளில், மேனேஜரைத் தவிர்த்து மூவரில் யாரிடம் வாஷர் குறைவோ அவருக்குப் பண்டிகை டூட்டி. பொங்கலோ தீபாவளியோ, யாரும் முறையிட முடியாது. முறையிட்டால் வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றுவார்.

நான் பல வருடம் ஒரு பண்டிகைக்கும் டூட்டி பார்த்ததில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. வேலையில் செய்ததையே சீட்டிலும் செய்தேன். வந்த நாலு சீட்டையும் ஒரு பெட்டி சரக்கு வந்த மாதிரி பார்ப்பேன். ஏஸ் இருக்கிறதா? கூடவே ரெண்டு இருக்கிறதா? அவை சின்னப் பாதிக்கு. மீதி இரண்டும் பெரிய பாதிக்கு உதவுமா? இரண்டு பாதியையும் அள்ள வழி இருந்தால் ஆடுவேன். ஒரு பாதிக்கு மட்டும்தான் வழி என்றால், பெரும்பாலும் அதையும் இன்னொருவனோடு பங்கு போட நேரும், போட்ட வாஷர்கூடத் திரும்பாது. தூக்கிப் போட்டுவிடுவேன். பத்தில் எட்டு கை பார்த்த உடனே ரிஜெக்ட்தான். ஏழு, எட்டு, ஒன்பது என்று நடுத்தரச் சீட்டுகள் அழகாக வரும், அதைப் பார்த்து மயங்கவே கூடாது. ஜெயிக்கிற கை வராத நாளில் இருபத்தைந்து நிமிடமும் சும்மாவே உட்கார்ந்திருப்பேன். அறை குளிராக இருக்கும், எனக்கென்ன நஷ்டம்?

டில்லிக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னா அண்ணாத்தே, நாலு சீட்டு கீது, அதுல ரெண்டுகூடவா தேறல? உங்கூட ஆடறதும் செவுத்துகூட ஆடறதும் ஒண்ணுதான்."

அவன் எல்லாக் கையும் ஆடுவான். நாலு சீட்டில் எப்படியும் ஏதோ ஒன்று நன்றாக இருக்கும் என்பது அவன் கட்சி. அதனால் பெரும்பாலான பண்டிகைகள் அவன் ஃபர்னஸ் பக்கத்தில்தான் கழிந்தன. ஜெயந்தி மேடம் என்னைப் பார்த்து ஆடக் கற்றுக்கொண்டு, சீட்டு பார்த்த வேகத்தில் கவிழ்த்துவிட்டு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிடுவார். இருபது டிகிரியில் ஸ்வெட்டரும் தேவைப்பட்டது.

கவிதாவுக்கும் முரளிக்கும் கல்யாணமான வருடம் தலை தீபாவளி வந்தது. பதினோரு பேரைத் தள்ளிய மாமனார், பன்னிரண்டாமவன் முதல் தீபாவளிக்கு வரும்போது வீட்டில் இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஏற்கெனவே முரளி என் எதிரில் முழுசாக உட்காராமல் நாற்காலி நுனியில்தான் உட்காருவான். சரோஜா பத்து நாள் முன்பே சொல்லிவிட்டாள், அன்றைக்கு நான் வீட்டில் இல்லையென்றால் அடுத்த தீபாவளிக்கும் வர வேண்டாம் என்று. டில்லிக்கும் அந்த வருடம் டூட்டி ஆகாது. அவன் அண்ணன் கரையான்சாவடியில் பட்டாசுக் கடை போட்டிருந்தான். தீபாவளி அன்று கடைசி வியாபாரத்துக்கு டில்லி நின்றாக வேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய கடைசி இடைவேளை. சங்கு ஊத நாலு நிமிடம் இருந்தது. என்னிடம் நாற்பது வாஷர், ஜெயந்தி மேடத்திடம் முப்பத்திரண்டு, டில்லியிடம் பதினெட்டு. நான் சீட்டைத் தொடாமல் இருந்தாலே போதும், தீபாவளி என் வீட்டில்தான்.

கடைசிக் கையைப் போட்டார்கள். எனக்கு ஏஸ், ரெண்டு, இரண்டு ராஜா. பல வருடத்தில் அப்படி ஒரு கை வந்ததில்லை. அதைத் தூக்கிப் போட்டால் நான் இன்ஸ்பெக்டரே இல்லை. மேனேஜரும் மேடமும் வாஷர் போடாமலே விலகினார்கள். நடுவில் மூன்று சீட்டு திறந்தது. ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ஏழு, ஆர்ட்டின் நாலு. எனக்கு மூன்று ராஜா சேர்ந்தாயிற்று. இன்னும் ஒரு சின்னச் சீட்டு விழுந்தால் சின்னப் பாதியும் எனக்குத்தான். டில்லி பதினெட்டையும் நடுவில் தள்ளினான். வழக்கம்போல அவனிடம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். நானும் பதினெட்டு வைத்தேன். இன்றைக்கு அதே கை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அடுத்து ஆர்ட்டின் பத்து. கடைசியாக ஆர்ட்டின் ஜாக்கி. சின்னக் கை இல்லை, முழுப் பந்தயமும் பெரிய கைக்கு. டில்லி நாலு சீட்டையும் விரித்துவிட்டு எழுந்தே நின்றான்.

"ஏஸ் ஆர்ட்டின் கீது பாரு. நடுவுல நாலு ஆர்ட்டின். அஞ்சும் ஆர்ட்டின். முட்ஞ்சிது."

வேதநாயகம் கண்ணாடியைத் துடைத்தார். "கையிலிருந்து ரெண்டு எடுக்கணும் டில்லி. உங்ககிட்ட ஆர்ட்டின் ஒண்ணுதான். செல்லாது" என்றார். டில்லி குனிந்து பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான். ஜெயந்தி மேடம் சிரித்தார். என் மூன்று ராஜாவைப் பார்த்துவிட்டு வேதநாயகம் டூட்டி லிஸ்டில் டில்லி பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார். டில்லி போனை எடுத்து அண்ணனுக்கு நம்பர் தேடிக்கொண்டிருந்தான். அவன் முகம் சுருங்கிப்போயிருந்தது.

முப்பது வருடப் பழக்கம் கண்ணை விடாது. தள்ளிய சரக்கை ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டுத்தான் பெயின்ட் டப்பாவைத் திறப்பேன். அவன் சீட்டைத் திரும்பப் பார்த்தேன். ஏஸ் ஆர்ட்டின், ஐந்து இஸ்பேட், எட்டு டைமன், ஒன்பது கிளாவர். நடுவில் ஏழு, பத்து, ஜாக்கி. கையிலிருந்து எட்டும் ஒன்பதும். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி. ஜாதி கலந்த வரிசை. மூன்று ராஜா அதற்குக் கீழே.

என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. சீட்டுக்குச் சொந்தக்காரனே பார்க்கவில்லை. இன்னும் ஒரு நிமிடத்தில் சங்கு ஊதும், சீட்டு கலைந்துவிடும். எனக்குச் சரோஜா முகம் வந்தது, சம்பந்தியம்மாள் முகம் வந்தது, நாற்காலி நுனியில் முரளி வந்தான். வாயைத் திறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, அரை நிமிடம் நான் திறக்கவில்லை.

அப்புறம், "டில்லி ஜெயிச்சிட்டான் சார்" என்றேன்.

"எவிடென்ஸ்?" என்றார் வேதநாயகம்.

ஐந்து சீட்டையும் விரலால் நகர்த்தி வரிசையாக வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், இந்த முறை ரொம்ப நேரம். பிறகு டில்லி பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். டில்லிக்கு முப்பத்தாறு, எனக்கு இருபத்திரண்டு.

டில்லி என் பக்கத்தில் வந்தான். "எனுக்கே தெர்ல அண்ணாத்தே. நீ கம்முனு இருந்திருக்கலாம்ல?" என்றான். டூட்டியைத் தானே பார்ப்பதாகவும் சொல்லிப் பார்த்தான். லிஸ்டில் மையால் எழுதியது எழுதியதுதான் என்று வேதநாயகம் சொல்லிவிட்டார். அன்று மதியம் முழுக்க எனக்கு எரிச்சலாக வந்தது. டில்லி மேல், வேதநாயகம் மேல், ஒன்பதாவது விதி மேல், அதை எழுதிய என் கை மேல்.

சரோஜாவிடம் மறைக்காமல் சொன்னேன். "பதினோரு பேரைத் தள்ளி ஒருத்தனைப் புடிச்சீங்க. அவன் வர்ற அன்னிக்குப் போய் வாஷர் எண்ணிகிட்டிருங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஐந்தரைக்கே கிளம்பினேன். கம்பெனியில் ஃபர்னஸ்காரர்கள் இரண்டு பேர், செக்யூரிட்டி, நான். வெளியே வெடிச் சத்தம், உள்ளே நான் கடினம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு செக்யூரிட்டி கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே முரளி, காலரில் மஞ்சள் தடவிய புதுச் சட்டை, கையில் டிபன் கேரியர். உள்ளே விட அனுமதி இல்லை. செக்யூரிட்டி தன் பெஞ்சைக் கொடுத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"சீட்டுல தோத்துட்டீங்களாமே மாமா."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் ஒன்பது சீட்டையும் வரைந்து காட்டினேன். டர்னர் அல்லவா, படம் போட்டால் பிடித்துக்கொண்டான். எட்டையும் ஒன்பதையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது இல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

அவன் கேரியரைத் திறந்து அதிரசத்தை எடுத்து என் கையில் வைத்தான். "கல்யாணத்திலேருந்து எனக்கு ஒரு பயம் மாமா. பதினோரு பேரை வேணாம்னிருக்கீங்க. என்கிட்ட எதையோ பார்க்காம விட்டுட்டீங்க, ஒருநாள் கண்டுபுடிச்சிருவீங்கன்னு. உங்க வீட்டுக்கு வந்தாலே அதே நெனப்புதான்." கேரியரை மூடினான். "இப்ப இல்ல."

அவனைப் பார்த்தேன். சுவரில் முதுகு முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஷூவோட எட்டுன்னு சொன்னியே" என்றேன். "அன்னிக்கே முடிஞ்சு போச்சு."

பன்னிரண்டு மணிக்கு அடுத்த கடினம் பார்க்க வேண்டியிருந்தது. அதுவரை அங்கேயே இருந்தான். போகும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். கம்பெனி ரிப்போர்ட் தாளை வெளியே கொடுக்கக் கூடாது. நான் வேலையில் செய்த ஒரே விதிமீறல் அது. ஷீலா, தயவு செய்து இதை ஆடிட்டரிடம் சொல்ல வேண்டாம்.

வேதநாயகம் இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். ஜெயந்தி மேடம் பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னுகிறார், சென்னையில் யார் போடப் போகிறார்களோ. டில்லி இன்னும் எல்லாக் கையும் ஆடுகிறான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஞாயிறு தோறும் அவனை என் வீட்டில் பார்க்கிறேன். முரளி பத்தில் ஒன்பதைத் தூக்கிப் போடுகிறான், என்னையே மிஞ்சிவிட்டான். நாலாவது ஆளாக உட்காரும் சரோஜாதான் எங்கள் மூன்று பேரின் வாஷரையும் அள்ளுகிறாள். தோற்றவன் பாத்திரம் தேய்க்க வேண்டும். நான் சென்ற மாதம் மூன்று ஞாயிறு தேய்த்தேன்.

ஆகவே ஷீலா, ஆவணம் நாற்பத்தொன்றை ரத்து செய்ய எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அது நடைமுறையில் இருக்கிறது. 'பயன்படும் இடம்' என்ற கட்டத்தில் தர அறை என்பதை அடித்துவிட்டு, 'திருமுல்லைவாயில், ராமலிங்கம் வீடு, ஞாயிறு மூன்று மணி' என்று திருத்திக்கொள்ளவும். ஆடிட்டர் எவிடென்ஸ் கேட்டால் அனுப்பிவையுங்கள். மாப்பிள்ளை அந்தத் தாளை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான்.